பூட்டைத் திறக்காமல் உண்டியல் எண்ண முடியுமா?

திருத்தணி மலையில் 365 படி ஏறிப் போய் உண்டியலில் காசு போடுகிறோம். போடுவதற்கு யாருக்கும் சாவி வேண்டாம். எடுக்கத்தான் சாவி வேணும். இன்று இணையத்தில் புழங்கும் பொதுச்சாவி மறையாக்கமும் இதே மாதிரிதாங்க. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் இந்த யோசனையை வெளியிட்டார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையாகச் செய்தே காட்டினார்கள்.

சரி, உண்டியல் நிரம்பியாச்சு. எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரியணுமே? திறந்து கொட்டித்தான் எண்ணணும். எண்ணுகிறவர் கண்ணில் எல்லாமே படும். கணினியிலும் அதே கதைதான். நம்ம ரத்தப் பரிசோதனை விவரத்தை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி அனுப்பினாலும், அதை வச்சு ஒரு கணக்குப் போடணும்னா அங்கே இருக்கிற சர்வர் பூட்டைத் திறந்தே ஆகணும். வில்லங்கமே அங்கேதான்.

திறக்காமலே கணக்குப் போட முடியாதா? ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூசோஸ் 1978-லேயே இதைக் கேட்டுட்டாங்க. ஆர்எஸ்ஏ-வில் பெருக்கல் மட்டும் நடந்தது. 1999-ல் வந்த பையே முறையில் கூட்டல் நடந்தது. ரெண்டும் எத்தனை முறை வேணும்னாலும் செய்ய முடிந்தால்தான் எந்தக் கணக்கையும் போடலாம்.

முப்பது வருஷம் கழித்து, 2009-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் கிரெய்க் ஜென்ட்ரி வழி கண்டார். பூட்டிய எண்ணில் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும். கணக்குப் போடப் போட அது பெருகி, கடைசியில் விடையையே விழுங்கிவிடும். ஜென்ட்ரி என்ன செய்தார்? பூட்டிய பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, உள்பூட்டை மட்டும் யாரும் பார்க்காமல் உள்ளேயே திறந்தார். இரைச்சல் குறைந்துவிட்டது! ஆனால் ஆமை வேகம். 2011-ல் செய்து பார்த்தபோது, பெரிய அளவுச் சாவியில் ஒரு தடவை இரைச்சல் குறைக்கவே சுமார் அரை மணி நேரம் ஆனது.

இங்கேதான் நம்ம சென்னை ஐஐடி வருது. 2003-ல் அங்கே பி.டெக். முடித்து, எம்ஐடி-யில் 2009-ல் முனைவர் பட்டம் வாங்கிய வினோத் வைகுந்தநாதன், ஸ்விகா பிராகெர்ஸ்கியோடு சேர்ந்து 2011-ல் எளிமையான வழி ஒன்றைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒருங்கமை சமன்பாடு போட்டிருப்பீங்க. எத்தனை மாறி இருந்தாலும் பொறுமையா நீக்கிக்கொண்டே வந்தால் விடை வந்துடும். அதே சமன்பாடுகளில் ஒவ்வொன்றிலும் சின்னதா ஒரு பிழையைக் கலந்துவிட்டால்? நீக்க நீக்கப் பிழைதான் பெருகும், விடை வராது. 2005-ல் ரெகெவ் முன்வைத்த கணக்கு இது. ஜென்ட்ரி நம்பியிருந்த தனிவகைக் கணிதம் இல்லாமல், இதை மட்டும் வைத்தே முழுப் பூட்டையும் கட்டலாம் என்று இவர்கள் காட்டினார்கள். மூவருக்கும் 2022-ல் கோடல் பரிசு.

குவாண்டம் கணினிக்கும் இந்தக் கணக்கு மசியாது என்பதே இன்றைய நம்பிக்கை. 2024-ல் அமெரிக்கத் தர நிறுவனம் அறிவித்த புதிய மறையாக்க முறைகளில் முக்கியமான ஒன்று இதன் உறவுக்காரன்தான்.

திறந்து போடும் கணக்கைவிட இது இன்னும் ரொம்ப மெதுவு. அதனாலதான் எல்லா இடத்திலும் வரலை. ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயமாத்தான் படுது. 'உங்க தகவலைப் பார்க்க மாட்டோம்'னு ஒரு கம்பெனி சொன்னால் நம்புவதைத் தவிர நமக்கு வேற வழியில்லை. இந்த முறையில் எண்ணுகிறவர் எண்ணலாம், பார்க்க முடியாது. விடையும் பூட்டியேதான் நம்ம கைக்கு வரும், சாவி நம்மகிட்ட.

சீல், ஓபன்எஃப்எச்இ மாதிரி நிரலகங்கள் இலவசமாகவே கிடைக்குது. யாராவது நோண்டிப் பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க :-)