இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகளும் குடும்ப வழித் தேடலும்

இங்கிலாந்தில் எளிய குடும்பங்களின் முன்னோரையும் பல தலைமுறை பின்னோக்கித் தேட உதவும் முதன்மையான ஆவணங்கள் இரண்டு: தேவாலயப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களின்) பதிவேடுகள், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 1837 ஜூலை 1 முதல் கிடைக்கும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இவ்விரண்டையும் இணைக்கின்றன.

ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஆணையிட்டார். தொடக்ககால ஏடுகள் பல அழிந்துவிட்டன. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு படி ஆயருக்கு அனுப்பப்பட்டதால், மூலம் போன இடத்தில் படி கைகொடுப்பதுண்டு. 1754இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் சட்டத்துக்குப் பின் மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள். எழுதத் தெரியாதவர் குறி மட்டும் இட்டார். சாட்சிகள் பெரும்பாலும் உறவினர் என்பதால் அப்பெயர்களைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தன. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இடம்பெற்றது.

கணக்கெடுப்பு 1801இல் தொடங்கினாலும், நாடு முழுவதும் ஆட்களின் பெயரைக் குறித்தது 1841இல்தான். அதிலும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது: 34 வயதுக்காரர் 30 ஆனார். உறவுமுறை குறிக்கப்படவில்லை. தேடுவோருக்கு உண்மையான திறவுகோல் 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, என்ன வயது, எந்தப் பங்கில் பிறந்தவர் என்பனவெல்லாம் அதில் உண்டு. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி ஒருவர் நார்ஃபோக் கிராமம் ஒன்றைப் பிறந்த ஊராகச் சொல்லியிருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது அக்கிராமத்தின் ஞானஸ்நான ஏடு.

பெரும்பாலான பிழைகள் நேர்வது இங்கேதான். ஒரே ஊரில் அண்ணன் தம்பி இருவரும் தம் மகன்களுக்குப் பாட்டனின் பெயரையே வைத்திருப்பார்கள். பெயர் பொருந்தியதும் கிளையை வரைந்துவிடக் கூடாது. அக்குழந்தை சிறுவயதிலேயே இறந்ததா என்று அடக்கப் பதிவில் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வயதும் பிறந்த ஊரும் மாறுவது இயல்பு. ஆகவே ஒரே தாளை நம்பாமல் எல்லாவற்றையும் ஒப்பிடுவது நல்லது. தேதிகளிலும் கவனம் தேவை: 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1720 ஏப்ரலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1720 பிப்ரவரியில் அடக்கம் செய்யப்பட்டதாக ஏடு சொன்னால் அது பிழையன்று. நம் கணக்கில் அது 1721.

ஏழைகளைப் பற்றி வேறொரு வளமான ஆதாரமும் உண்டு. உதவி கேட்டவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசாரித்து எழுதிய வாக்குமூலங்களில், சொத்தே இல்லாத மனிதரின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறது.

பழைய பங்கு ஏடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், கணக்கெடுப்புத் தாள்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகச் சென்னைக்கு வந்தவர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கணக்கெடுப்புத் தாள்கள் நூறாண்டு கழித்தே திறக்கப்படுகின்றன. 1921க்கு உரியவை 2022இல் வெளிவந்தன. 1931க்கு உரியவை 1942இல் தீக்கிரையாயின. போரால் 1941இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு.