பாடியவர், பதிப்பித்தவர், சபை: தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவ மரபில் புதுப்பாடலின் அரங்கேற்றம்

ஆய்வுச்சுருக்கம்

வழிபாட்டிற்கெனப் புதிதாக இயற்றப்பட்ட பாடல் ஒரு திருச்சபையின் பாடலாக ஆவது எவ்வாறு, அதன்பின் அதனை மாற்றும் உரிமை யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட அச்சுத் தொகுப்பு, தியாபிலஸ் அப்பாவுவின் கிராமிய இசைப் பாடல்கள் ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பாடலின் மீதான உரிமை பற்றிய பூசல், உண்மையில் 'சபை' என்பது யார் என்பது பற்றிய பூசலே என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கீர்த்தனை, ஞானப்பாட்டு, வேதநாயகம் சாஸ்திரியார், அரங்கேற்றம், சபை, கிராமிய இசை.

1. முன்னுரை

தமிழ் மரபில் ஒரு நூல் இயற்றப்பட்டவுடன் முழுமை பெற்றுவிடுவதில்லை. அவையின் முன் அரங்கேறி, வினாக்களுக்கு விடை கூறி, ஏற்கப்பட்ட பின்னரே அது நூலாக நிலைபெறுகிறது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய செய்தியை அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. கிறித்தவ வழக்கில் 'சபை' என்னும் சொல் வழிபடும் மக்கள் கூட்டத்தைக் குறிக்கும். எனினும் அச்சொல்லில் அவை என்னும் பழம்பொருளும் கலந்தே இருக்கிறது. புலவர் அவை வினா எழுப்பி ஏற்கும். வழிபாட்டுச் சபையோ தானே பாடி ஏற்கும். ஏற்பின் முறை இவ்வாறு மாறும்போது ஆசிரியனின் உரிமையும் மாறுகிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறுகள் பாடலாசிரியர்களையும் நூல்களையும் பட்டியலிட்ட அளவிற்கு இம்மாற்றத்தைக் கருதவில்லை.

2. மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டும் சபையின் நாவும்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவர்வழி வந்த லூத்தரன் மிஷனரிகளும் சபையார் சேர்ந்து பாடுவதை வழிபாட்டின் இன்றியமையா உறுப்பாகக் கொண்டவர்கள். ஆகவே ஜெர்மானியப் பாடல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டு, அவற்றின் மூல மெட்டுகளிலேயே பாடப்பட்டன. விவிலியத்தைத் தமிழாக்கிய பப்ரிசியஸ் (1711-1791) இத்துறையிலும் பெரும்பணி ஆற்றினார். இவை ஞானப்பாட்டுகள் எனப் பெயர் பெற்றன.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தமிழ்ச் செய்யுளின் ஓசை குறில், நெடில் வேறுபாட்டையும் அசைகளின் கட்டையும் சார்ந்தது. ஜெர்மானியப் பாடலோ அழுத்தம் பெறும் அசை, பெறாத அசை என்னும் வேறுபாட்டின்மேல் அமைந்தது. பிற மொழியின் மெட்டிற்குள் தமிழ்ச் சொல்லை அடக்கும்போது குறில் நீளவும் நெடில் குறுகவும் நேரும். எதுகை மோனைக்கும் இடம் அரிதாகும். பாடலின் பொருள் தமிழாயினும் அதன் நடை தமிழாகவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையில் நின்றது வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726). 3,615 விருத்தங்களைக் கொண்ட அக்காப்பியத்தின் தமிழ்நடை புலவர் போற்றும் தன்மையது; ஆனால் எழுத்தறியாத வழிபாட்டாளர் கூடிப் பாடுவதற்கு உரியதன்று. ஒன்று சபைக்கு உரியதாயினும் தமிழோசையில் குறைந்தது. மற்றொன்று தமிழோசையில் நிறைந்ததாயினும் சபையின் நாவிற்கு எட்டாதது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் சாஸ்திரியாரின் பாடல்கள் தோன்றின.

3. புலவர் அவையிலிருந்து ஆலயச் சபைக்கு

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். தரங்கம்பாடியில் பயின்று தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். சுவார்ட்ஸின் அரவணைப்பைப் பெற்ற மற்றொருவர், 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. இருவரிடையே நிலவிய நட்பு சாஸ்திரியாரை அரசவையின் இசை, நாடகச் சூழலுக்கு அருகில் வைத்திருந்தது.

அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது பெத்தலேகம் குறவஞ்சி. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி இயற்றிய காலமும் அதுவே. சாஸ்திரியார் குறவஞ்சியின் அமைப்பை அவ்வாறே கொண்டு, தலைவனாகக் கிறிஸ்துவையும், அவன்மேல் காதல்கொண்ட தலைவியாகத் திருச்சபையையும் அமைத்தார். உலகில் பறவை பிடிக்கும் சிங்கன் இங்கு ஆன்மாக்களைப் பிடிக்கும் ஞானச்சிங்கன் ஆகிறான். ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி எனப் பிற நூல்களிலும் மக்கள் ஏற்கெனவே அறிந்த வடிவங்களையே அவர் எடுத்தாண்டார்.

வழிபாட்டிற்குப் பெரிதும் பயன்பட்டது அவருடைய கீர்த்தனை வடிவமே. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் பகுப்பு சபைப் பாடலுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சரணங்களைப் பயின்றோர் பாட, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவியைச் சபையார் எடுத்துப் பாடலாம். எழுத்தறியாதவரும் இரண்டாம் சரணத்திற்குள் பாடலில் பங்கேற்றுவிடுவர். ஆசிரியர் தம் மாணவர்களுடன் நேரில் பாடிக் காட்ட, சபை உடன்பாடும் அந்நேரமே அப்பாடலின் அரங்கேற்றம். இங்கு ஆசிரியன், பாடுபவன், விளக்கம் கூறுபவன் மூவரும் ஒருவரே. ஆகவே பாடலைத் திருத்தும் உரிமை பற்றிய வினா இக்கட்டத்தில் எழவில்லை.

4. திருத்தங்களும் எதிர்ப்பும்

அவ்வினா 1820களில் எழுந்தது. சுவார்ட்ஸ் 1798-இல் மறைந்தபின் ஒரு தலைமுறை கழித்துப் பணிக்கு வந்த இளைய மிஷனரிகள், மூத்தோர் பொறுத்துக்கொண்ட வழக்கங்கள் பலவற்றை மாற்ற முற்பட்டனர். தஞ்சைச் சபையின் வேளாளர் தரப்பில் நின்ற சாஸ்திரியார் இம்மாற்றங்களை எதிர்த்து எழுதினார். அவர் எதிர்த்தவற்றை நான்காகத் தொகுக்கலாம்: பப்ரிசியஸின் விவிலியத் தமிழைத் திருத்துதல், சபையில் சாதியினரை ஒன்றாகக் கலத்தல், மணவிழாவிலும் சாவுச் சடங்கிலும் மலர்களை விலக்குதல், தமிழ்ப் பாடல்களை இசையுடன் பாடுவதைத் தடுத்தல்.

இப்பட்டியலில் சொல்லும் இசையும் ஒருங்கே இடம்பெறுவது கருதத்தக்கது. விவிலியத் திருத்தத்தையும் பாடல் தடையையும் அவர் ஒரே வகைத் தீங்காகக் கண்டார். தலைமுறைகளாக ஓதப்பட்ட சொல் மக்களின் நாவில் படிந்துவிட்டது. அதனைப் பெயர்த்தெடுப்பது மொழித் திருத்தம் மட்டுமன்று, வழிபாட்டையே குலைப்பதாகும் என்பது அவர் கருத்தின் சாரம். யாப்பு நோக்கிலும் இதில் நியாயம் உண்டு. எதுகையும் மோனையும் அமைந்த அடியில் ஒரு சொல்லை மாற்றினால் அடி முழுவதும் தளரும். தமிழின் ஓசையை அறியாதவர் பொருள் ஒன்றையே கருதிச் செய்யும் திருத்தம் பாடலைச் சிதைக்கும். இப்பிணக்கு மிஷனுடன் அவருக்கு இருந்த பணித் தொடர்பையே முறித்தது; சரபோஜியின் ஆதரவே அதன்பின் அவருக்குத் துணையாயிற்று.

5. ஒரே வாதம், இரு பயன்

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர் எதிர்கொள்ள வேண்டிய ஒரு சிக்கல் உள்ளது. தமிழ் இசையை ஆலயத்தில் காக்க சாஸ்திரியார் முன்வைத்த வாதமும், ஆலயத்தில் சாதிவாரி இருக்கையைக் காக்க அவர் முன்வைத்த வாதமும் வேறு வேறானவை அல்ல. இரண்டிற்கும் அடிப்படை 'வழக்கம்' என்னும் ஒரே கருத்து. மூத்த மிஷனரிகள் ஏற்றுக்கொண்டவற்றை இளையோர் மாற்றக்கூடாது. நாட்டின் வழக்கம் வேறு, நற்செய்தி வேறு. வழக்கத்தை விடாமலே நற்செய்தியை ஏற்க இயலும் என்பதே அவ்வாதம். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே நீக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சை வேளாளக் கிறித்தவர்களிடையே எழுந்த கடும் எதிர்ப்பும் இவ்வாதத்தின் தொடர்ச்சியே.

சாஸ்திரியாரைத் தமிழிசையின் காவலராக மட்டும் போற்றும் எழுத்துகள் இரண்டாம் பயனைக் கூறாது விடுகின்றன. அவரைச் சாதிக் காப்பாளராக மட்டும் காண்பவையோ, மிஷனரிகளின் சமத்துவக் கொள்கை தமிழ்ப் பாடலின் மீதான தடையுடன் சேர்ந்தே வந்ததைக் கூறாது விடுகின்றன. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான் பூசலின் மையம் புலனாகும். சாஸ்திரியார் தம் பாடலை 'சபை'யின் உடைமை என வாதிட்டபோது, அச்சபையில் பின்னிருக்கையில் அமர்த்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் குரலுக்கு இடமில்லை. மிஷனரிகள் சபையின் நலனுக்கெனத் திருத்தியபோது, அச்சபை பாடிவந்த தமிழுக்கு இடமில்லை. இரு தரப்பினரும் சபையின் பெயரால் பேசினர். இரு தரப்பினர் கண்ட சபையும் குறைவுடையதாகவே இருந்தது.

6. 1853: ஏட்டிலிருந்து அச்சுக்கு

அடுத்த கட்டம் அச்சினால் நேர்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் பல அதில் இடம்பெற்றன. அவர் அப்போது எழுபத்தொன்பதை எட்டிய முதியவர், 1864-இல்தான் மறைந்தார். ஒரு தலைமுறைக்கு முன் மிஷனரிகள் சிலரால் விலக்கப்பட்ட பாடல்கள், மற்றொரு மிஷனரியின் கையால் வழிபாட்டு நூலாயின.

அச்சு பாடலின் இயல்பை இருவகையில் மாற்றியது. முதலாவது, பாடல் ஆசிரியரைப் பிரிந்தது. தஞ்சைக்கு வராதவரும், சாஸ்திரியார் குழுவின் பாட்டைக் கேளாதவரும் அதனைப் பாடலாயினர். இரண்டாவது, எப்பாடல் எந்நேரத்திற்கு உரியது, எத்தனை சரணம் வேண்டும் என்னும் தெரிவு பதிப்பாசிரியரிடம் சென்றது. நாடகத்தின் உறுப்பாகவோ நெடுநேரக் காலட்சேபத்தின் உறுப்பாகவோ இருந்த பாடல், ஞாயிறு ஆராதனையின் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவரின் பாடல்களுக்கு நீண்ட வாழ்வைத் தந்தது, தெரிந்தெடுத்தல் என்னும் மென்மையான திருத்தமே எனலாம். மொழிபெயர்ப்புப் பாடல்கள் ஒரு பகுதியும் கீர்த்தனைகள் மற்றொரு பகுதியுமாக அமையும் இன்றைய தமிழ்ச் சபைப் பாடல் நூல்கள், 1820களின் பூசல் எட்டிய சமரசத்தின் அச்சு வடிவம் ஆகும்.

7. திருத்தத்திற்கு அழைப்பு: தியாபிலஸ் அப்பாவு

கீர்த்தனை தமிழுடையது என்னும் கூற்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுவினாவிற்கு உள்ளாயிற்று: எந்தத் தமிழருடையது? தென்னிந்தியத் திருச்சபையின் போதகரும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஆசிரியருமான தியாபிலஸ் அப்பாவு (1940-2005) இவ்வினாவை எழுப்பியவர்களுள் முதன்மையானவர். 'பரட்டை' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட அவர், கர்நாடக இசை சார்ந்த கீர்த்தனை உயர்சாதிப் பண்பாட்டின் அடையாளமாகச் சபையில் நிலைபெற்றுள்ளது எனக் கருதினார். சபையாரில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். அவர்களின் வயலிலும் வீட்டிலும் ஒலிக்கும் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அவர் பாடல்கள் இயற்றினார். கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறை ஒன்றையும் அமைத்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்ணும் குடும்பம் என்பது அவருடைய இறையியலின் நடுப்படிமம்.

சாஸ்திரியாரிடமிருந்து அவர் வேறுபடுவது இசை வகையில் மட்டுமன்று. ஏற்றப்பாட்டும் கும்மியும் சாஸ்திரியாரிடமும் உண்டு. அடிப்படை வேறுபாடு, மாற்றத்தை நோக்கும் முறையில் உள்ளது. நாட்டுப்புறப் பாடல் பாடுவோர்தோறும் மாறுவது. அம்மாற்றம் அதன் சிதைவன்று, உயிர்ப்பு. மக்கள் தம் வாழ்நிலைக்கேற்பச் சொல்லை மாற்றிப் பாடினால் அப்பாடல் அவர்களுடையதாகிவிட்டது என்பது அப்பாவுவின் நிலைப்பாடு. சாஸ்திரியாருக்குத் திருத்தம் பாடலின் மீதான தாக்குதல்; அப்பாவுவுக்கு அது பாடல் ஏற்கப்பட்டதன் அடையாளம்.

இவ்வழியும் தடையின்றி அமையவில்லை. பறை இழவுத் தொழிலோடும் சாதி இழிவோடும் பிணைக்கப்பட்டிருந்தமையால், கிறித்தவம் தழுவிய தலித் மக்களுள் பலர் அதனைத் துறப்பதையே விடுதலையாகக் கண்டிருந்தனர். அவர்களுக்குக் கீர்த்தனையும் ஆர்மோனியமும் மதிப்பின் அடையாளங்கள். அவர்கள் துறந்த இசையையே வழிபாட்டில் மீட்க முயன்றபோது, மக்களின் இசை எது என முடிவு செய்பவர் யார் என்னும் வினா அப்பாவுவின் முயற்சியையும் நோக்கி எழுகிறது. சபையே மாற்றிக்கொள்ளலாம் என அவர் விட்டுவைத்த உரிமையில்தான் அதற்கான விடையும் உள்ளது.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. ஒன்று, தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் புதுப்பாடலின் அரங்கேற்றம் ஆசிரியரின் நேரடிப் பாட்டு, அச்சுத் தொகுப்பு, மக்களின் மறுபடைப்பு என மூன்று நிலைகளைக் கண்டுள்ளது. இரண்டு, பாடல் திருத்தப்பட்டதா இல்லையா என்பதைவிட, எவ்விடத்திலிருந்து திருத்தப்பட்டது என்பதே முதன்மையானது. அதிகாரத்தில் இருப்பவர் திருத்தும்போது சபை தன் நாவை இழக்கிறது. பாடுவோரே திருத்தும்போது அது தன் நாவைப் பெறுகிறது. மூன்று, 'எங்கள் வழக்கம்' என்னும் வாதம் ஒரு பண்பாட்டைக் காக்கவும் ஒரு சாதியின் மேலாண்மையைக் காக்கவும் ஒருசேரப் பயன்பட்டுள்ளது; அவ்விரு பயன்களையும் பிரித்தறியாத இசை வரலாறு நிறைவுடையதாகாது.

கிறித்தவக் கீர்த்தனை ஆய்வு இதுவரை பெரிதும் ஆசிரியரையும் நூலையும் சார்ந்தே நடந்துள்ளது. பதிப்புதோறும் விடப்பட்ட சரணங்கள், ஊர்தோறும் மாறிய மெட்டுகள், பாடுவோர் இயல்பாக மாற்றிய சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஒப்பிடும் கள ஆய்வே, இப்பாடல்களைச் சபை எவ்வாறு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதைக் காட்ட வல்லது.