சாம்பற் சுவடும் காலப்பயணப் புனைவும்: கோத்தியேவின் பொம்பேயி

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பேயி நகரைக் களமாகக் கொண்ட புனைவுகளுள் எட்வர்ட் புல்வர் லிட்டனின் ‘பொம்பேயியின் இறுதி நாள்கள்’ (1834) பரவலாக அறியப்பட்டதாகும். பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே 1852இல் வெளியிட்ட ‘ஆரியா மார்செல்லா’ அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. எனினும், அழிந்த நகருக்குள் பிற்கால மனிதன் ஒருவனை நுழையவிடும் புனைவுமுறையை ஆராய்வோர்க்கு இச்சிறுகதையே மிகுந்த பயன் தருவது.

கதைக்கு மூலமாக அமைந்தது ஓர் அகழாய்வுப் பொருள். 1772இல் நகர வாயிலுக்கு வெளியே இருந்த மாளிகை ஒன்றின் நிலவறையில் ஏறத்தாழ 20 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களைச் சூழ்ந்து இறுகிய சாம்பலில் ஒரு பெண்ணின் மார்பு வடிவம் பதிந்திருந்தது. அத்துண்டு பெயர்த்தெடுக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அது எஞ்சவில்லை. அருகிலிருந்த கல்லறையில் மார்க்கஸ் ஆரியஸ் டயோமெடீஸ் என்னும் பெயர் காணப்பட்டமையால் மாளிகைக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. வேறு சான்று ஏதுமில்லை. கோத்தியே இப்பெயரை ஏற்று, சுவடாய் எஞ்சிய பெண்ணை ஆரியஸின் மகளாக்கினார். ஊகத்தின்மேல் எழுந்த புனைவுப்பெயர் அவளுடையது.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அச்சுவட்டைக் கண்டு மயங்கிய ஒக்டாவியன், அன்றிரவு இடிபாடுகளிடையே உலவும்போது நகர் முழுமையாய் உயிர்த்தெழக் காண்கிறான். அது கி.பி. 79 என உணர்ந்ததும் அவன் செய்யும் கணிப்பே கதையின் உயிர்நிலை. எரிமலை வெடிப்பது அவ்வாண்டு ஆகஸ்டு 24இல், எனவே அப்பெண் இப்போது உயிரோடிருப்பாள், அவளைக் காணலாம். நகரின் முடிவை அறிந்த ஒரே மனிதன் அவன். ஆயினும் எவரையும் அவன் எச்சரிப்பதில்லை. நாடக அரங்கில் பிளாட்டஸின் நகைநாடகத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கிறான்! அவனைச் சுற்றியுள்ள மக்களின் இறப்பு அவனுக்கு ஒரு காலக்குறிப்பு மட்டுமே. கிறித்தவரான தந்தையின் வாக்கால் ஆரியா மீண்டும் சாம்பலாகிறாள்.

அக்காலக்குறிப்பும் இன்று ஐயத்திற்குரியது. ஆகஸ்டு 24 என்பது டாசிட்டஸுக்கு இளைய பிளினி எழுதிய மடலின் படிகள்வழி வந்த நாள். 2018இல் வீடொன்றின் சுவரில் அக்டோபர் 17ஐக் குறிக்கும் கரியெழுத்து வெளிப்பட்டபின், அழிவு அக்டோபர் இறுதியில் நேர்ந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. கரியெழுத்தில் ஆண்டு குறிக்கப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

சாம்பற் சுவட்டிற்கு உறவும் பெயரும் கற்பிக்கும் வழக்கம் கதையாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. 1863இல் ஃபியோரெல்லி, உடல்கள் மட்கிய வெற்றிடங்களில் சாந்து வார்த்து உருவங்களை வெளிக்கொணர்ந்தார். பிற்காலத்தில் இம்முறையில் கிடைத்த உருவங்களுள் பொற்காப்புடன் காணப்பட்ட ஒருவரும் மடியிலிருந்த குழந்தையும் தாயும் சேயும் என்றே நெடுங்காலம் விளக்கப்பட்டனர். கோத்தியே தம் நாயகனின் வேட்கையை மறைக்காமல் எழுதினார். இவ்விளக்கமோ ஆய்வுமுடிவாகவே நிலவியது. 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி, காப்பு அணிந்தவர் ஓர் ஆண். அக்குழந்தைக்கு அவர் குருதியுறவினர் அல்லர்.