முகப்பரு: பெயரும் பத்தியமும்

நோய்ப்பெயர் நோயைச் சுட்டுவதோடு அமைவதில்லை; நோயின் காரணத்தையும் தீர்வையும் பற்றிய ஒரு கருத்தையும் உடன் கொண்டுவருகிறது. முகப்பருவைக் குறிக்கும் சொற்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். உணவாலும் இயற்கைப் பொருள்களாலும் பருவைத் தணிப்பது பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் சில, இவ்வரலாற்றை அறிந்தால் தெளிவாகும்.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஆக்னே’ என்னும் வடிவம் கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் ஏட்டியசின் நூலோடு தொடர்புபடுத்தப்படுகிறது. உச்சம், முகடு எனப் பொருள்படும் ‘அக்மே’ என்னும் சொல்லே படியெடுத்தோர் பிழையால் இவ்வாறு திரிந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வாழ்வின் முகடாகிய இளமையை அச்சொல் குறித்தது எனலாம். வடமொழி மருத்துவ மரபும் இதனை ‘யௌவன பிடகா’, அஃதாவது இளமைக் கொப்புளம், என வழங்கியது. சுசுருத சங்கிதை இதற்கு ‘முகதூஷிகா’ (முகத்தைக் கெடுப்பது) என்னும் பெயரைத் தந்து, இலவமரத்து முள்ளோடு இதனை ஒப்பிடுகிறது. வசம்பு, லோத்திரம், இந்துப்பு, கடுகு ஆகியவை சேர்ந்த பூச்சையும் கூறுகிறது.

தென்மொழிகள் வேறு வழியைப் பின்பற்றின. தமிழில் ‘பரு’ என்பது பருத்தல் என்னும் வினையோடு உறவுடையது. வடிவமே பெயருக்கு அடிப்படை. மலையாளத்தின் ‘முகக்குரு’ கொப்புளத்தைக் குறிக்கும் ‘குரு’ என்னும் சொல்லைக் கொண்டது. தெலுங்கில் ‘மொடிம’ என்பது வழக்கு. தமிழும் மலையாளமும் இடத்தையும் பெயரில் சேர்த்துக்கொண்டன. முதுகிலும் மார்பிலும் தோன்றுவதையும் மருத்துவர் ‘ஆக்னே’ என்பர்; ‘முகப்பரு’ என்னும் தமிழ்ப்பெயர் அவற்றை விலக்கிவிடுகிறது.

பெயரில் இடம்பெறாத காரணம் பேச்சு வழக்கில் இடம்பெற்றது. இதனைக் காணச் சித்தூர்–திருப்பதி வட்டாரத்தின் விஜயபுரம் போன்ற எல்லைப்பகுதிகள் ஏற்றவை. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. நிர்வாக எல்லை மாறியபோதும் தமிழும் தெலுங்கும் எல்லையின் இருபுறமும் ஒருங்கே வழங்கின. தமிழர் ‘உடம்புச் சூடு’ என்பதைத் தெலுங்கர் ‘வேடி’ என்பர். தமிழின் ‘சூட்டுக்கட்டி’க்கு இணையாகத் தெலுங்கில் ‘செககட்ட’ உண்டு. ‘செக’ என்பதும் வெப்பமே. சொற்கள் வேறாயினும் கருத்து ஒன்று. மாம்பழம், கோழிக்கறி, முட்டை ஆகியன சூடு. மோர், பால், இளநீர் ஆகியன குளிர்ச்சி. கட்டிக்குக் கூறப்பட்ட இக்காரணம் பருவுக்கும் நீண்டது.

இச்சூழலில் ‘டயட்’ என்பதைப் ‘பத்தியம்’ எனப் பெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். இரு மொழியினர்க்கும் அறிமுகமான இவ்வடசொல், வழி என்னும் பொருளுடைய சொல்லின் அடியாகப் பிறந்து, ‘உடலுக்கு உகந்தது’ என்னும் பொருளைப் பெற்றது. ஆயின் வழக்கில் அது சூடு–குளிர்ச்சிப் பட்டியலையும் உடன் அழைத்துவருகிறது. இங்குதான் இடர் தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1969இல் 65 பேரிடம் நடத்திய ஆய்வு, சாக்லெட்டால் பரு மிகுவதில்லை என்றது. ஒப்பீட்டுக்கு அளித்த தின்பண்டத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைந்திருந்தமையால் அம்முடிவு பின்னர்க் குறைகூறப்பட்டது. 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவை 12 வாரம் உண்ட இளைஞரிடம் பருக்கள் குறைந்தன. ஆயின் அதில் பங்கேற்றோர் 43 பேரே. 2005இல் வெளியான, 47,355 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு, பாலுக்கும் பருவுக்கும் தொடர்பிருப்பதைச் சுட்டியது; தொடர்பு காரணமாகிவிடாது என்பது வேறு.

இவற்றைச் சூட்டுப் பட்டியலோடு ஒப்பிடுக. முட்டை சூடாயினும் சர்க்கரையை உயர்த்துவதில்லை. வெள்ளரிசிச் சோறு சர்க்கரையை விரைந்து உயர்த்துமாயினும் சூட்டுப் பட்டியலில் இல்லை. ஐயத்துக்குரிய பாலோ குளிர்ச்சி. ‘பத்தியம் இருக்க’ எனப் படிக்கும் விஜயபுரத்து மாணவி முட்டையை விலக்கிச் சோற்றையும் பாலையும் மிகுத்துக்கொள்ளக்கூடும். மூலத்தின் அறிவுரை மொழிபெயர்ப்பில் தலைகீழாகிறது. வளரும் வயதில் புரதமும் குறைகிறது.

மருந்துப் பொருள்களின் பெயரிலும் இதே நிலை. சேஷாசல மலைப்பகுதியின் செம்மரம் ‘செஞ்சந்தனம்’ எனப்படும். எனினும் அதற்கும் சந்தன மரத்துக்கும் தாவர உறவில்லை. 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 124 பேரிடம் சோதிக்கப்பட்டு, வழக்கமான களிம்பைவிட மெதுவாயினும் பயன்தந்த ‘டீ ட்ரீ’ எண்ணெயைத் ‘தேயிலை எண்ணெய்’ எனப் பெயர்ப்போர் உளர். அம்மரம் தேயிலைச் செடியன்று.

ஆகவே, ‘டயட்’ என்பதற்கு ‘உணவுமுறை’ என்று எழுதி, விலக்கவேண்டிய உணவுகளைப் பெயர்சொல்லிச் சுட்டுவதே தகும். முதுகும் மார்பும் கருதப்படுமிடத்தில் ‘பரு’ என்னும் பொதுச்சொல்லே போதும். பழஞ்சொல்லை விலக்கவேண்டியதில்லை, அது எதனை உடன் கொண்டுவருகிறது என்பதை அறிந்து ஆளவேண்டும். படியெடுத்தோரின் ஓரெழுத்துப் பிழை ஒரு சொல்லின் வடிவத்தையே மாற்றியது. மொழிபெயர்ப்போரின் ஒரு சொற்பிழை ஓர் இல்லத்தின் உணவையே மாற்றிவிடும்.