உலைக்களமும் கல்விச்சாலையும்

இரும்பைக் காய்ச்சி அடித்துக் கூரிய கத்தியாக்கும் வித்தை, தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், ஆசானிடமிருந்து உடனுறையும் மாணாக்கனுக்கும் கைவழியாக வந்ததேயன்றி ஏட்டின் வழியாக வந்ததன்று. அங்ஙனமிருக்க, சுத்தியலை ஒருநாளும் தொட்டறியாதவர்களை உலைமுன் நிறுத்தி, இரண்டு வார காலத்தில் இவ்வித்தையின் அரிச்சுவடியைப் புகட்டும் வகுப்புக்கள் அமெரிக்க நாட்டில் நடைபெறுகின்றன என்று கேட்பின், நம்மவருள் சிலர் நகைக்கவுங்கூடும். ஆயினும் அவ்வகுப்புக்கள் தோன்றிய வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு நகைப்பு நீங்கிக் கவலையே பிறக்கும். ஆதலின் அது பற்றி ஈண்டுச் சில கூறுவோம்.

முதற்கண் நம் நாட்டு நிலைமையை நோக்குவோம். சேலம் முதலிய இடங்களில் நம் முன்னோர், இரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடும் பச்சிலைகளோடும் மண்மூசையிலிட்டு வாய்மூடி, துருத்தி ஊதி உருக்கி, எஃகுக் கட்டிகள் எடுத்தனர். மேனாட்டார் இதனை ‘ஊட்ஸ்’ என்றனர். மேலை ஆசியாவில் பேர்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்கு இவ்வகை எஃகு பயன்பட்டது. 1795-ம் வருஷத்தில் ஜார்ஜ் பியர்ஸன் என்பார் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மின்சார ஆராய்ச்சியாற் புகழெய்திய மைக்கேல் பாரடேயும், ஸ்டோடர்ட் என்னும் கத்தித் தொழிலாளரும் கூடி, 1820, 1822-ம் வருஷங்களில் எஃகுக் கலப்புக்களைப் பற்றி எழுதுவதற்கும் இவ்வெஃகு தூண்டுகோலாயிற்று.

இத்துணைச் சிறப்புடைய தொழில், மலிந்த மேனாட்டு எஃகு வந்து குவிந்தபோது நிலைகுலைந்தது. உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. உலை அவிந்ததேயன்றி வித்தையும் உடன் மறைந்ததற்குக் காரணம் யாது? கற்றவன் கையிலன்றி வேறெங்கும் அது வைக்கப்படாமையே. மூசை உலையைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் குறிப்புக்கள் பெரும்பாலும் புக்கானன், ஹேன், ஹீத் முதலிய அயல்நாட்டார் கண்டெழுதியவையே என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நோகின்றது.

இக்குறை நமக்கே உரியதன்று. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாகாணத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பிளாக் என்றொரு கொல்லர் இருந்தார். ஜேம்ஸ் போவி என்னும் வீரருக்கு 1830-ம் வருஷத்தையடுத்து அவர் ஒரு பெருங்கத்தி அடித்துக் கொடுத்தார் என்பது அவ்வூர் வழக்கு. பிற்காலத்தில் அவர் பார்வையிழந்து, ஜோன்ஸ் என்னும் வைத்தியரின் இல்லத்தில் ஆதரவு பெற்று வாழ்ந்தார். எழுபதாம் பிராயத்தில், அவ்வைத்தியரின் குமாரரை அழைத்து, தம் எஃகின் மறையைச் சொல்வதாகக் கூறி, எழுதிக்கொள்ளும்படி பணித்தார். சொல்லத் தொடங்கியபோதோ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் மறந்துபோயிற்று. 1872-ம் வருஷத்தில் அவர் இறந்தார். எழுதுகோலேந்திக் காத்திருந்த அக்குமாரரே பின்னாளில் அம்மாகாணத்துக் கவர்னரான டானியல் வெப்ஸ்டர் ஜோன்ஸ். இச்செய்தியை உலகுக்கு உரைத்தவரும் அவரே.

நிற்க, இருபதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் பெருகவே, அமெரிக்காவில் கையால் கத்தி அடிப்போர் மிகச் சிலராயினர். அவருள் மேரிலாந்து மாகாணத்துப் பில் மோரன் ஒருவர். இவர் 1973-ம் வருஷத்தில் கான்சாஸ் நகரக் கண்காட்சியொன்றில், இரும்பையும் எஃகையும் அடுக்கிப் பற்றவைத்து மடித்தடித்த வரிக்கத்திகளைக் காட்டி யாவரையும் வியப்பித்தார். (இது நம் மூசை எஃகினின்றும் வேறான முறை என்பதை அறிக.) தாம் கண்டதை அவர் ஒளிக்கவில்லை, பிறர்க்கும் கற்பித்தார். 1976-ம் வருஷத்தில் நண்பர் சிலருடன் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவினார். 1988-ம் வருஷத்தில் அச்சங்கத்தின் பள்ளியொன்று திறக்கப்பட்டது. எவ்விடத்தில்? ஜேம்ஸ் பிளாக் தம் மறையை மறந்து மாண்ட அதே வாஷிங்டன் ஊரில்!

புதியோர்க்கு அங்கே கற்பிப்பன யாவை? காய்ந்த எஃகின் நிறமறிதல் முதற்பாடம். பொறி பறக்குமளவு காய்ந்தால் எஃகு கருகும். ஆறியபின் அடித்தால் வெடிக்கும். வாய்ப்புறத்தை அடித்து மெலிக்க மெலிக்க அலகு முதுகுப்புறமாக வளையும். அதனை முன்னறிந்து எதிர்ப்புறம் வளைத்துக்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 770 டிகிரி சென்டிகிரேடில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சிறிது மேலே காய்ந்ததும் எண்ணெயில் தோய்ச்சலிடல் வேண்டும். நன்கு தோய்ந்த அலகில் அரம் பற்றாது வழுக்கும். அந்நிலையிற் கண்ணாடி போல் நொறுங்குமாதலின், 200 டிகிரியளவில் மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவர். நம் முதியோர் கண்ணாலும் காதாலும் அறிந்தவற்றையே இவர்கள் காரணத்தோடு சொல்லிக் கொடுக்கின்றனர்.

எனினும் இரண்டு வாரத்தால் ஒருவன் கொல்லனாகிவிடுவதில்லை. அவ்வகுப்பில் தேறியவர் பயிற்சிக்காலம் மூன்று வருஷத்தினின்று இரண்டாகக் குறையும், அவ்வளவே. பின்னர் ஒரு பரீட்சை உண்டு. தாம் அடித்த கத்தியால், தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துணிக்க வேண்டும்; இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும்; அதன்பின்னும் அவ்வாய் கைமயிரை மழிக்க வேண்டும். இறுதியாக அலகை இடுக்கியிற் பிடித்துத் தொண்ணூறு டிகிரி வளைத்தால் முறியலாகாது. வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் பதமிட்டவன் கத்தியே இதிற் பிழைக்கும்.

இன்னொன்றும் கூறுவோம். மறைந்துபோன நம் ஊட்ஸ் எஃகின் வரியை மீட்டுக் காட்டியோர், புளோரிடாவில் லாடம் அடித்த ஆல்பிரட் பெண்ட்ரே என்னும் கொல்லரும், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்ஹோவனுமே. கனிமத்தில் சிறிதளவே கலந்த வனேடியம் போன்ற பொருள்கள் அவ்வரிக்குக் காரணமாதலை 1998-ம் வருஷத்தில் அவர்கள் விளக்கினர். உலையும் நூலும் கைகோத்ததன் பயன் இது.

“அயலார்க்குக் கற்பித்தால் நம் பிழைப்பு என்னாவது?” என்று வினவுவோர் உளர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று, நம் முன்னோர்க்கு வித்தையே நிலமும் முதலுமாயிருந்தது. ஆயினும் ஒரு நாள் சம்மட்டி பிடித்தவனே கையடிக் கத்தியின் விலையை முறுமுறுப்பின்றிக் கொடுப்பான். அன்றியும், அயலார் யார், நம்மவர் யார்? காரியாலயங்களிலும் கல்லூரிகளிலும் அமர்ந்திருக்கும் நம் மக்களுள் பலர் குறடு பிடிக்கும் வகையும் அறியார். முன் அநுபவம் சிறிதுமில்லாத மாணாக்கர் இன்று நம் வீட்டிலேயே உளர்.

ஆதலின் அன்பர்களே, உலை நடத்தும் முதியோர் எஞ்சியுள்ள ஊர்களில், கோடை விடுமுறையில் இரண்டு வாரமேனும் நம் ஆண்மக்களையும் பெண்மக்களையும் அவர்பால் அனுப்புங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். எழுதுகோலுடன் அமர்வார்க்கு முதியோர் நினைவு காத்திராது.