வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் மகன்

ஒரு ராஜா இறந்துபோனா அடுத்த ராஜா யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நம்ம வீடுகள்ல இதுக்கு நேரடியா ஒரு பதில் உண்டு: யார் கொள்ளி வைக்கிறாங்களோ அவங்கதான் வாரிசு. பழைய எகிப்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிச்ச துட்டன்காமுன் கல்லறையில ஒரு சுவரோவியம் இருக்கு. இறந்த ராஜாவுக்கு 'வாய் திறக்கும்' சடங்கு நடக்குது. மகன் செய்யவேண்டிய காரியம். செய்பவரோ ஆய் என்ற வயசான அதிகாரி. ராணி அங்கெசனாமுன், ராஜாவுக்குச் சகோதரி முறை ஆகிறவள். அதிகாரம் வெளியே போயிடக் கூடாதுன்னு குடும்பத்துக்குள்ளேயே நடந்த கல்யாணம். அதே கல்லறையில பிறக்காமலே இறந்த இரண்டு கருக்களின் மம்மிகளும் கிடைச்சுது. இவர்களின் குழந்தைகள்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. காரியத்தைச் செய்த ஆய், அரியணையிலும் உட்கார்ந்தார்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் பக்கத்துல இருக்கும் பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கிளம்புகிறார். கௌதம நதிக் கரையில் தீர்த்தவாரி. அங்கே அவர் ஒரு மனுஷனுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கிறார். அந்த மனுஷன், ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளன்.

புராணக் கதை இப்படிப் போகுது. வல்லாளனுக்கு மல்லமாதேவி, சல்லமாதேவின்னு இரண்டு ராணிகள். பிள்ளை இல்லை. சிவன் ஒரு அடியார் வேஷத்துல வந்து, துணைக்கு ஒரு பெண் வேணும்னு கேட்கிறார். ஊரிலே தாசிகள் யாருமே கிடைக்கலை. கொடுத்த வாக்கைக் காப்பாத்த இளைய ராணி சல்லமாதேவி போகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாக மாறிடுறார். 'நானே உங்களுக்கு மகன்' என்று சொல்லி மறைஞ்சிடுறார்.

இதை எல்லாரும் ராஜாவோட வள்ளல்தனமாத்தான் சொல்றாங்க. எனக்கு அப்படிப் படலை. வாக்கு அவருடையது, அதுக்கு விலை கொடுக்கப் போனது அவள். எகிப்தில் ஹட்செப்சுட் தன் அரசுரிமைக்காக டெய்ர் எல்-பஹ்ரி கோயில்ல செதுக்கி வெச்ச கதையும் நினைவுக்கு வருது: ஆமுன் கடவுள் ராஜாவோட உருவத்துல ராணி ஆமோஸைத் தேடி வருகிறார், அப்படிப் பிறந்த மகள்தான் ஹட்செப்சுட். இரண்டு இடத்திலும் கடவுளுக்கும் அரச வம்சத்துக்கும் உறவு உண்டாவது ஒரு ராணியின் அறையில்தான்.

சரி, வரலாறு? இங்கேதான் சுவாரசியம். வல்லாளனுக்கு நிஜத்தில் மகன் இருந்தான்! விருபாட்சன், அதாவது நான்காம் வல்லாளன். அப்புறம் ஏன் இந்தக் கதை?

1311-ல் மாலிக் கபூர் துவாரசமுத்திரத்தைத் தாக்கினார். டெல்லிப் படைகள் மறுபடியும் வந்தன. தலைநகர் சீரழிஞ்ச பிறகு, கடைசிக் காலத்தில் வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்தபடியும் ஆட்சி செய்தார். 1340-களின் தொடக்கத்தில் மதுரை சுல்தான் கியாசுதீனோடு சண்டை. 80 வயசைத் தாண்டிய வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு மதுரை மதிலில் தொங்கவிட்டதைக் கண்ணால பார்த்ததாக இபன் பதூதா எழுதியிருக்கார். அவர் ஏன் மதுரையில் இருந்தார்? சுல்தானும் அவரும் அக்கா தங்கையைக் கட்டியவங்க, நம்ம பாஷையில சகலை!

மகன் பட்டத்துக்கு வந்தாலும் சில வருஷங்கள்தான். அந்த நிலமெல்லாம் விஜயநகரத்தோட கைக்குப் போச்சு, வம்சம் மறைஞ்சுபோச்சு. மதிலில் தொங்கிய உடம்புக்கு முறையா காரியம் நடந்திருக்குமா? வருஷா வருஷம் திதி கொடுக்க வம்சத்துல ஆள் இல்லாம போனதைத்தான் ஊர் 'பிள்ளை இல்லாத ராஜா'ன்னு நினைவு வெச்சிருக்குன்னு நான் ஊகிக்கிறேன். ஆய் மாதிரி இங்கே அரியணைக்காகக் காத்திருந்த யாரும் அந்தச் சடங்கை எடுத்துக்கலை, ஊர் அதைத் தன் சாமி கையில் கொடுத்துடுச்சு.

கோயிலுக்குள்ள வல்லாள மகாராஜா கோபுரம் இருக்கு, கிரிவலம் போறவங்க நிறையப் பேர் நிமிர்ந்து பார்க்காமலே கடந்துடுவாங்க. மாசி மகம் சமயத்துல அந்தப் பக்கம் இருந்தீங்கன்னா, கோயிலோட நிக்காம பள்ளிகொண்டாப்பட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.