இரவு வேலையும் தாதியரும்



நம் தோட்டப் பள்ளிகளில் படித்த பெண்பிள்ளைகள் பலர் தாதியர் பயிற்சி முடித்து இன்று மலாக்கா, ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். முன்பெல்லாம் 'மிஸ்ஸி' என்றால் நமக்கு ஊசி போடுகிறவர். இன்று அவர் நம் வீட்டுப் பெண். ஆகவே, முன்பு நம் மனத்தில் எழாத கேள்வி ஒன்று இப்பொழுது எழுகிறது. "ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறாளே, உடம்பு என்னத்துக்கு ஆகும், வாத்தியாரே?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். இதற்கு விடை சொல்லுமுன் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

நேரம் தவறிய உறக்கம் நமக்குப் புதிதன்று. இந்த நாட்டில் வாணிப முறையில் ரப்பர் முதன்முதலாகப் பயிரானது நம் மலாக்காவில்தான். டான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் 1898-இல் புக்கிட் அசகானில் பெரிய தோட்டமே போட்டார். ரப்பரோடு விடியுமுன் எழும் வழக்கமும் வந்தது. அதற்குக் காரணம் துரையின் பிடிவாதம் மட்டுமன்று. இரவெல்லாம் மரம் நீரை உறிஞ்சி வைத்திருப்பதால், விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய்விடும்; அழுத்தம் குறையும்; பாலும் குறையும். மரத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு என்பது வெட்டுக்காட்டில் நின்ற நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். மனித உடம்பிலும் அப்படி ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாதியர் தொழிலைப் பற்றிப் பேசினால் பிளாரன்ஸ் நைட்டிங்கேலை விட்டுவிட முடியாது. 1854 நவம்பரில், கிரைமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கவனிக்க 38 பெண்களுடன் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். பாடப் புத்தகம் அவரைக் கைவிளக்கேந்திய காரிகை என்கிறது. ஆனால் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் தம்மைத் தவிர வேறெந்தப் பெண்ணும் வார்டுக்குள் இருக்க அவர் அனுமதிக்கவில்லை. இரவில் நோயாளிகளோடு இருந்தவர்கள் ஆண் ஏவலர்கள். பெண்களின் பெயருக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். இரவு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் வாய் பேசுவது நம் லயத்தில் மட்டும் உள்ள பழக்கமன்று, அன்றைய இங்கிலாந்திலும் இருந்தது! அவர் கையிலிருந்த விளக்கும் படங்களில் காணும் அலாவுதீன் விளக்கு போன்றதன்று. மடித்து வைக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்கு.

பெண்கள் இரவில் வேலை செய்யத்தான் வேண்டுமா? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை உண்டு. 1890-ஆம் ஆண்டு வாக்கில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற இளம் அமெரிக்கப் பெண்ணின் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். படித்துத் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை நடத்தினார். 1909-இல் அங்கே தாதியர் பள்ளியும் தொடங்கினார். வலி பகல் பார்த்து வருவதில்லை. நம் தோட்டங்களில் இரவில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போன மருத்துவச்சிக் கிழவிகளையும் இங்கே நினைத்துக் கொள்ளுங்கள். அவர்கள் கண் விழித்த இரவுகள் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பெண்கள் ஆலைகளில் இரவு வேலை செய்யக் கூடாது என்று 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் அதையே சொன்னது. அது 1948-இல் திருத்தி எழுதிய ஒப்பந்தத்தில், உடலுழைப்பு அல்லாத மருத்துவ, நலப் பணிகளில் உள்ள பெண்களுக்கு அத்தடை இல்லை என்று தெளிவாகவே குறித்தது. நம் நாட்டு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும் இதே போக்கில் அமைந்தது. தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது. மறுநாள் வேலைக்கு முன் பதினொரு மணி நேரம் தொடர்ந்து ஓய்வு இருக்க வேண்டும் என்றது அது. விலக்கு அளிக்கவும் இடம் வைத்திருந்ததால், பின்னர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் இரவு ஷிப்டுக்குப் போனார்கள். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 34-ஆம் பிரிவு நீங்கியது.

கவனியுங்கள். பால்மரம் வெட்டிய தாய்க்கு அந்தச் சட்டம் இரவைக் காத்துக் கொடுத்தது. தாதியான மகளுக்கு அப்படி ஒரு காவல் என்றுமே இருந்ததில்லை. சேவை, தியாகம் என்று புகழ்ந்து மாலை போட்டார்கள். ஓய்வு நேரத்தைக் கணக்குப் பார்க்க மறந்தார்கள் என்பது என் எண்ணம். 1977-இல்தான் தாதியருக்கென்றே அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தனி ஒப்பந்தம் கண்டது. அதனோடு வந்த பரிந்துரை, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையில் பன்னிரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. ஆனால் பரிந்துரை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது.

இப்பொழுது உடம்பின் கடிகாரத்துக்கு வருகிறேன். நம் உடம்பின் அணுக்கள் ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரச் சுற்றில் வேலை செய்கின்றன. அந்தச் சுற்றை நடத்தும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சமே இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. இருட்டினால் உறக்கத்துக்கான சுரப்பு ஊறும்; அதிகாலை மூன்று மணிக்கு மேல் உடல் வெப்பம் மிகவும் தாழும்; கவனம் தளரும். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது நள்ளிரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன். 1984-இல் போபாலில் நச்சு வாயு கசிந்ததும் நள்ளிரவையொட்டித்தான். இரவு வேலை மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் ஆபத்தான நேரம். பல ஆண்டுகள் இரவு ஷிப்டில் இருப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2007-இல் வகைப்படுத்தியது; 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது. இரவு வேலைக்குப் போகும் எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளன்று. பயப்பட வேண்டாம், கவனம் வேண்டும்.

நம் வீடுகளில்தான் சிக்கல் இருக்கிறது. லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். காலை எட்டு மணிக்கு வந்து படுத்த பெண்ணைப் பத்து மணிக்குள் எத்தனை பேர் எழுப்புகிறார்கள்! தபால்காரர், பிள்ளைகள், பக்கத்து வீட்டு வானொலி. "பகலில் என்ன தூக்கம்?" என்று கேட்கும் மாமியாரும் உண்டு. தூங்குகிற நோயாளியை எழுப்பவே கூடாது என்று நைட்டிங்கேல் தம் நூலில் கண்டிப்பாக எழுதினார். அந்த விதியைத் தாதிக்கும் நாம் பொருத்தலாம் அல்லவா?

சன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். காப்பியை ஷிப்டின் முற்பாதியில் குடிக்கட்டும், பிற்பாதியில் வேண்டாம். நள்ளிரவில் சோறும் குழம்புமாக வயிறு நிறையச் சாப்பிடாமல், கொஞ்சமாகச் சாப்பிடட்டும். ஷிப்டு மாறும்போது காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையில் மாறினால் உடம்பு எளிதாகத் தாங்கும். பின்னோக்கி மாறினால் கடினம். இதை மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்லலாம், தவறில்லை.

இன்னொன்று. இரவு ஷிப்டு முடிந்து காலையில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குத் திரும்பும் பாதைதான் எனக்கு மிகவும் அச்சம் தருகிறது. செம்பனை லாரிகள் ஓடும் பாதை அது. கண் சொக்கினால் மருத்துவமனையிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பட்டும். முடிந்த நாட்களில் அண்ணனோ தம்பியோ போய் அழைத்து வரட்டும்.